பாஸிவ் ப்ரீஆம்பா, ஆக்டிவ் ப்ரீஆம்பா? டிரான்ஸ்பரன்ஸியைச் சோதித்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ரீஆம்ப் என்பது சோர்ஸுக்கும் (சிடி பிளேயர் போன்ற, பாட்டைத் தரும் கருவி) பவர் ஆம்புக்கும் (ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கி) நடுவே நின்று ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி. மின்சாரத்தில் இயங்கி சிக்னலைப் பெருக்கவும் கூடியது ஆக்டிவ். டிரான்ஸ்பரன்ட் என்றால் உள்ளே போன சிக்னல் அளவில் மட்டும் மாறி, வேறெதுவும் கூடாமல் குறையாமல் வெளியே வருவது. பாஸிவ் ப்ரீஆம்பில் மின்சாரம் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை; ஒரு வால்யூம் கன்ட்ரோலும் ஒரு செலக்டர் சுவிட்சும்தான். அதனால் அது தானாகவே டிரான்ஸ்பரன்ட் என்று ஒரு கட்சி. பாஸிவ் போட்டால் பாட்டில் உயிரே போய்விடுகிறது என்று மறு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பெரும்பாலும் பெட்டியை மட்டும் பார்க்கிறார்கள். பெட்டிக்கு முன்னால் இருக்கும் சோர்ஸ், பின்னால் போகும் கேபிள், அதற்கப்பால் உள்ள பவர் ஆம்ப் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் கணக்கு, அடுத்து அளவு, அதற்கப்புறம் ஒலி அளவைச் சமன்செய்தல், கடைசியில்தான் காது. காதில் தொடங்கினால் கேட்ட வித்தியாசத்துக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் ஒரு கேபிளைச் சுருக்கித் தீர்க்கக்கூடிய குறைக்காகப் பெட்டியையே மாற்றுவீர்கள்.

1. கேள்வியைச் சரியாக வையுங்கள்

“இரண்டில் எது நன்றாகக் கேட்கிறது?” என்பது ரசனைக் கேள்வி. “இரண்டில் எது சிக்னலைக் குறைவாக மாற்றுகிறது?” என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. லேசாக மேல்சுருதி மங்கிய பெட்டி சில ஸ்பீக்கர்களோடு இனிமையாகவே கேட்கும். அது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதை டிரான்ஸ்பரன்ஸி என்று சொல்லக் கூடாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி: பாஸிவையும் ஆக்டிவையும் நேருக்கு நேர் மோதவிடாதீர்கள். இரண்டும் வேறுபட்டால் மாற்றியது யார் என்று அந்த மோதலில் தெரியாது. இரண்டையும் தனித்தனியே ஒரு மூன்றாவதோடு ஒப்பிட வேண்டும். அந்த மூன்றாவதை 6ஆம் படியில் நாமே செய்வோம்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஏசி மில்லிவோல்ட் அளக்க வேண்டும், 2 வோல்ட்டை மூன்று தசம இடம் வரை காட்ட வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும் என்பதால் சோதனை டோனை 100 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) அளக்கும் வசதியும் இருந்தால் நல்லது.

ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் ஒலிக்கவும் பதியவும் கூடியது. கிட்டாருக்கான உயர் இம்பிடென்ஸ் (ஏசி சிக்னலுக்குக் காட்டும் மொத்தத் தடை) உள்ளீடு அதில் இருந்தால் வேலை எளிது. மென்பொருளில் அளவெடுக்க ரூம் ஈக்யூ விசார்டும், ஏபிஎக்ஸ் (எது என்று தெரியாமல் கேட்டு அடையாளம் சொல்லும் சோதனை) இணைப்புள்ள ஃபூபார்2000 பிளேயரும் போதும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடைகள்: 1, 2.2, 9.1, 10, 47 கிலோஓம், ஒவ்வொன்றிலும் நான்கு. நான்கு ஆர்சிஏ பிளக், சாலிடர் இரும்பு. நான்கு போல் (ஒரே திருப்பலில் நான்கு தனி இணைப்புகளை மாற்றுவது), இரண்டு நிலை கொண்ட ஒரு சுழல் சுவிட்ச். கூடவே பொறுமையுள்ள ஓர் உதவியாள்.

ஒரு எச்சரிக்கை. கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பவர் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். அணைக்கும்போது அதுவே முதலில், போடும்போது அதுவே கடைசியில். 2 வோல்ட் சோர்ஸை வால்யூம் கன்ட்ரோல் இல்லாமல் 26 டெசிபல் கெயினுள்ள, அதாவது 20 மடங்கு பெருக்கும் பவர் ஆம்பில் நேரடியாகச் செருகினால் அது 40 வோல்ட் தர முயலும். முதலில் ட்வீட்டர் போகும்.

3. ஐந்து எண்களைத் தாளில் எழுதுங்கள்

சோர்ஸின் உச்ச வெளியீட்டு வோல்ட்டேஜ், சோர்ஸின் வெளியீட்டு இம்பிடென்ஸ், ப்ரீஆம்பிலிருந்து பவர் ஆம்ப் வரை போகும் கேபிளின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ், பவர் ஆம்பின் உள்ளீட்டு இம்பிடென்ஸ், பவர் ஆம்பின் கெயின். இந்த ஐந்தும் தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. கையேட்டில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளந்துவிடலாம்.

சோர்ஸின் வெளியீட்டு இம்பிடென்ஸ்: 100 ஹெர்ட்ஸ் டோனை ஒலிக்கவிட்டு வெளியீட்டு வோல்ட்டேஜை அளக்கவும். பிறகு வெளியீட்டின் குறுக்கே 1 கிலோஓம் மின்தடையைப் போட்டு மறுபடி அளக்கவும். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை இரண்டாவது அளவால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் ஓமில் விடை. வால்வு கருவிகளுக்கு 1 கிலோஓம் மிகக் கனமான சுமை. அங்கே 10 கிலோஓம் போட்டு 10,000-ஆல் பெருக்குங்கள். வெளியீட்டில் கெப்பாசிட்டர் உள்ள கருவிகளில் 100 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டர் காட்டும் தடையும் கலந்துவிடும் என்பதால், மீட்டர் நம்பகமானதாக இருந்தால் அவற்றை மட்டும் 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கலாம்.

பவர் ஆம்பின் உள்ளீட்டு இம்பிடென்ஸ்: சிறிய ஒலியில் ஸ்பீக்கர் முனையில் வோல்ட்டேஜைப் பாருங்கள். பிறகு சிக்னல் கம்பியில் தொடராக 47 கிலோஓம் மின்தடையைச் சேர்த்துப் பாருங்கள். வோல்ட்டேஜ் சரிபாதியானால் உள்ளீடு 47 கிலோஓம். ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனால் 10 கிலோஓம் பக்கம் இருக்கிறது என்று பொருள். கிளாஸ் டி ஆம்புகளிலும் ஸ்டுடியோ வகை ஆம்புகளிலும் இது அடிக்கடி காணப்படும்.

கேபிள்: இரு முனையும் எதிலும் செருகாமல் நடுமுனைக்கும் வெளி உறைக்கும் இடையே கெப்பாசிட்டன்ஸை அளக்கவும். சாதாரண ஆர்சிஏ கேபிள் மீட்டருக்கு 50 முதல் 150 பிகோஃபாரட் வரை இருக்கும். மீட்டரில் வசதி இல்லையென்றால் மீட்டருக்கு 100 என்று வைத்துக் கணக்கிடுங்கள், பவர் ஆம்ப் உள்ளீட்டுக்கு இன்னொரு 100 சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கெயின் கணக்கு: பாஸிவுக்குத் தகுதி இருக்கிறதா?

பாஸிவ் குறைக்க மட்டுமே செய்யும். ஆகவே முதல் கேள்வி: வால்யூமை முழுதாகத் திறந்தால் போதுமான ஒலி வருமா?

8 ஓமில் 100 வாட் தர பவர் ஆம்ப் 28.3 வோல்ட் வெளியிட வேண்டும். கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்றால் உள்ளே 1.41 வோல்ட் வேண்டும். டிஜிட்டல் சோர்ஸ் 2 வோல்ட் தருகிறது. 3 டெசிபல் மிச்சமே இருக்கிறது. இங்கே ஆக்டிவின் கெயினுக்கு வேலையே இல்லை.

ஃபோனோவில், அதாவது இசைத்தட்டில், கதை வேறு. 5 மில்லிவோல்ட் தரும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (தட்டைப் படிக்கும் ஊசிப் பகுதி), அதை 40 டெசிபல் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ்: வெளியே அரை வோல்ட். அதை 20 மடங்கு பெருக்கினால் 10 வோல்ட், 12.5 வாட். பதிவின் உச்சங்கள் இதைத் தாண்டும் என்றாலும், மந்தமான ஸ்பீக்கரும் பெரிய அறையும் சேர்ந்தால் வால்யூம் முழுதாகத் திறந்தும் பற்றாக்குறையாகத் தோன்றும். “பாஸிவில் பலம் இல்லை” என்ற புகார்களில் கணிசமானவை இந்த இடத்தில் பிறப்பவை. இது டிரான்ஸ்பரன்ஸிக் குறை அல்ல, கெயின் போதாமை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சராசரி பாட்டு உச்சத்திலிருந்து 18 டெசிபல் கீழே, அதாவது கால் வோல்ட் என்று வைப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.1 வாட் வேண்டுமானால் 0.9 வோல்ட் போதும், வீட்டில் இது இயல்பான ஒலி. பாஸிவ் ஏறக்குறைய 15 டெசிபல் குறைக்க வேண்டும். சாதாரண லாக் கன்ட்ரோலில் (தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் கூடும் வகை) குமிழ் பாதியைச் சற்றே தாண்டி நிற்கும். 12 டெசிபல் கெயினுள்ள ஆக்டிவில் 27 டெசிபல் குறைக்க வேண்டும்; குமிழ் கால் சுற்றுக்குள்ளேயே நின்றுவிடும். இரட்டைக் கன்ட்ரோல்களில் இடது வலது பொருந்தாமை மோசமாக இருப்பது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். 2 டெசிபல் விலகல் அங்கே அதிசயமில்லை. பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்துவிட்டார் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5. இம்பிடென்ஸ் கணக்கு: பாஸிவின் தலைவிதி இங்கே

ஆற அமரச் செய்ய வேண்டிய படி இது. பாஸிவின் வெளியீட்டு இம்பிடென்ஸ் நிலையானது அல்ல, குமிழோடு சேர்ந்து மாறும். 6 டெசிபல் குறைக்கும் நிலையில் அது உச்சத்தை அடையும். உச்சம் கன்ட்ரோலின் மொத்த மின்தடை மதிப்பில் கால் பங்கு. 10 கிலோஓம் கன்ட்ரோலுக்கு 2.5 கிலோஓம், 100 கிலோஓமுக்கு 25 கிலோஓம். சோர்ஸின் இம்பிடென்ஸ் இதில் சிறிதளவு கூடும்.

இந்த இம்பிடென்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து மேல்சுருதியை வெட்டும் ஒரு ஃபில்டராகின்றன. வெட்டு அலைவெண் = 1 ÷ (6.28 × ஓம் × ஃபாரட்). 2 மீட்டர் கேபிளும் ஆம்ப் உள்ளீடும் சேர்ந்து 300 பிகோஃபாரட் என்று கொண்டால்:

100 கிலோஓம் கன்ட்ரோல்: வெட்டு 21 கிலோஹெர்ட்ஸில். 20 கிலோஹெர்ட்ஸில் 2.8 டெசிபல் இழப்பு, 10 கிலோஹெர்ட்ஸில் 0.9 டெசிபல். சிம்பலின் காற்றோட்டம் போய்விடும், காதுக்கே தெரியும்.

10 கிலோஓம் கன்ட்ரோல்: வெட்டு 212 கிலோஹெர்ட்ஸில். 20 கிலோஹெர்ட்ஸில் 0.04 டெசிபல் இழப்பு. யாருக்கும் தெரியாது.

பெட்டியின் வகை ஒன்றுதான், உள்ளே உள்ள கன்ட்ரோலின் மதிப்புதான் வேறு. “பாஸிவ் மங்கும்”, “பாஸிவ் மங்காது” என்ற இரண்டு கூற்றும் ஒருசேர உண்மையாவது இப்படித்தான்.

நீங்கள் கேட்கும் நிலையும் கணக்கில் வர வேண்டும். 50 கிலோஓம் கன்ட்ரோல் 6 டெசிபல் நிலையில் 12.5 கிலோஓம் காட்டும். 20 டெசிபல் நிலையில் 4.5 கிலோஓம், 40 டெசிபல் நிலையில் அரை கிலோஓம். வால்யூமைக் கூட்டினால் தெளிவு குறைகிறது, குறைத்தால் திரும்புகிறது என்றால் இந்த மாற்றம்தான் காரணம். சோதனையை ஒரே ஒரு குமிழ் நிலையில் செய்துவிட்டு முடிவு சொல்வது புதியவர்கள் செய்யும் பெரும் தவறு. குறைந்தது இரண்டு நிலை வேண்டும்: நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடம், 6 டெசிபல் இடம்.

அப்படியானால் கன்ட்ரோலை 1 கிலோஓமுக்கு இறக்கிவிடலாமே? அங்கேதான் சோர்ஸ் குறுக்கே வரும். சோர்ஸின் வெளியீட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அது கன்ட்ரோலோடு சேர்ந்து கீழ்சுருதியை வெட்டும். 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உள்ள வால்வு ஃபோனோ ஸ்டேஜை 10 கிலோஓமில் மாட்டினால் வெட்டு 34 ஹெர்ட்ஸ்; 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 6 டெசிபல், 50 ஹெர்ட்ஸில் 1.6 டெசிபல் போய்விடும். அதையே 47 கிலோஓம் உள்ளீடுள்ள ஆக்டிவில் மாட்டினால் 20 ஹெர்ட்ஸில் அரை டெசிபல்தான் இழப்பு. பவர் ஆம்பின் உள்ளீடும் கன்ட்ரோலுக்கு இணையாக வந்து சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்: 10 கிலோஓம் கன்ட்ரோலும் 10 கிலோஓம் ஆம்பும் வால்யூம் முழுதாகத் திறந்திருக்கும்போது சோர்ஸுக்கு 5 கிலோஓமாகத் தெரியும்.

கைவிதி: சோர்ஸின் இம்பிடென்ஸைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத கன்ட்ரோல், கன்ட்ரோலின் உச்ச வெளியீட்டு இம்பிடென்ஸைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத ஆம்ப் உள்ளீடு. இரண்டாவது விதி மீறினால் உடனே சுருதி கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். 10 கிலோஓம் கன்ட்ரோலை 6 டெசிபல் நிலையில் வைத்து 10 கிலோஓம் ஆம்பில் செருகினால் 6 டெசிபலுக்குப் பதில் 8 டெசிபல் குறையும். குமிழைச் சற்றே கூட்டினால் சரியாகிவிடும். அது அளவு மாற்றம் மட்டுமே.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, சேனல்களுக்கிடையே கசிவு. வால்யூம் கன்ட்ரோலின் வெளியீட்டில் இடது வலது முனைகளுக்கிடையே 10 பிகோஃபாரட் இருந்தால், 10 கிலோஹெர்ட்ஸில் 25 கிலோஓம் பாஸிவில் கசிவு 36 டெசிபல் கீழேதான் நிற்கும், 2.5 கிலோஓமில் 56 டெசிபல் கீழே இறங்கும். இரண்டாவது, சில பவர் ஆம்புகளின் உள்ளீட்டு நிலையே இம்பிடென்ஸ் கூடினால் சிதைவைக் கூட்டும். ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) உள்ளீடுள்ள ஆப்ஆம்ப் எனும் பெருக்கிச் சில்லுகளில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் சிக்னலோடு சேர்ந்து மாறுவது இதற்குக் காரணம். சிதைவு பாஸிவுக்குள் பிறப்பதில்லை, ஆனால் பாஸிவை மாட்டியதால் பிறக்கிறது.

6. ஒப்பீட்டுக் கம்பியைச் செய்யுங்கள்

நேர்க்கம்பிதான் உண்மையான அளவுகோல். ஆனால் வால்யூம் குறைக்காமல் நேர்க்கம்பியைச் செருக முடியாது. ஆகவே இரண்டு மின்தடைகளைப் பவர் ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே சாலிடர் செய்யுங்கள்: 9.1 கிலோஓம் தொடராக, 1 கிலோஓம் நடுமுனைக்கும் உறைக்கும் குறுக்கே. 20 டெசிபல் குறையும், ஆம்ப் பார்க்கும் இம்பிடென்ஸ் 900 ஓம். 15 டெசிபல் வேண்டுமானால் 10 கிலோஓமும் 2.2 கிலோஓமும்.

இதுவும் ஒரு பாஸிவ்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று: கேபிள் முழுவதும் மின்தடைகளுக்கு முன்னால், சோர்ஸின் தாழ்ந்த இம்பிடென்ஸின் பக்கம் நிற்கிறது. பின்னால் இருப்பது பிளக்கின் சில சென்டிமீட்டர் மட்டுமே. கேபிளால் கெடுக்க எதுவும் மிச்சமில்லை. சுமை தாங்காத வால்வு சோர்ஸுக்கு மட்டும் இது பொருந்தாது. சோதனைக்கு வெளியீட்டுக் கெப்பாசிட்டர் இல்லாத, 200 ஓமுக்குக் கீழான ஒரு டிஜிட்டல் சோர்ஸை எடுங்கள்.

7. ஆக்டிவைத் தனியே பரிசோதியுங்கள்

ஆக்டிவின் இம்பிடென்ஸ் பிரச்சினை எளிது. வெளியீடு பொதுவாக 50 முதல் சில நூறு ஓமுக்குள் இருக்கும். ஐந்து மீட்டர் கேபிளும் அதை அசைக்காது. அதன் குறைகள் வேறிடத்தில்.

டிசி (நேர்மின்னோட்டக் கசிவு): சிக்னல் இல்லாமல் வெளியீட்டில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 20 மில்லிவோல்ட் இருந்து, பவர் ஆம்பின் உள்ளீட்டில் கெப்பாசிட்டர் இல்லையென்றால், ஸ்பீக்கரில் 400 மில்லிவோல்ட் நிற்கும். பாஸிவும் சோர்ஸின் டிசியை அப்படியே கடத்தும். குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அதுதான் அறிகுறி.

இரைச்சல்: பல ஆக்டிவ்களில் கெயின் நிலை வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இரைச்சல் குறையாது. வெளியீட்டில் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல், 29 டெசிபல் பவர் ஆம்ப் என்றால் ஸ்பீக்கரில் 0.28 மில்லிவோல்ட், ஸ்பீக்கரின் உணர்திறனை அளக்கும் 2.83 வோல்ட்டுக்கு 80 டெசிபல் கீழே. 90 டெசிபல் உணர்திறனுள்ள ஸ்பீக்கரில் இது கேட்காது. 105 டெசிபல் ஹார்னில் காதை அருகே கொண்டுபோனால் சீறல் கேட்கும்.

துருவம்: சில ஆக்டிவ்கள் சிக்னலைத் தலைகீழாக்கும். ஒப்பிடும்போது ஒன்று நேராகவும் மற்றொன்று தலைகீழாகவும் இருந்தால் சோதனையே பாழ். இன்டர்ஃபேஸில் ஒரு ஒற்றைத் துடிப்பைப் பதிந்தால் உடனே தெரிந்துவிடும்.

8. காதுக்கு முன் அளவெடுங்கள்

ஆம்பின் உள்ளீட்டில் ஒரு ஒய் பிரிப்பான் போட்டு, ஒரு கிளையை ஆம்புக்கும் மற்றதை இன்டர்ஃபேஸின் உயர் இம்பிடென்ஸ் உள்ளீட்டுக்கும் கொடுங்கள். சாதாரண லைன் உள்ளீடு பலவற்றில் 10 கிலோஓம்தான். அதைச் சேர்த்தால் நீங்கள் அளப்பது உங்கள் செட்டை அல்ல. பவர் ஆம்பை மாட்டாமல் ப்ரீஆம்பை மட்டும் இன்டர்ஃபேஸில் செருகி அளப்பதும் அதே தவறு. அளக்கும் கேபிளும் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும், அரை மீட்டருக்கு மேல் வேண்டாம்.

முதலில் ஒப்பீட்டுக் கம்பியோடு 10 ஹெர்ட்ஸ் முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்வீப் (அலைவெண் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் டோன்). அதை அடிப்படையாக வைத்து, பாஸிவின் ஸ்வீப்பையும் ஆக்டிவின் ஸ்வீப்பையும் அதிலிருந்து கழித்துப் பாருங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை 0.1 டெசிபலுக்குள் நின்றால் அலைவெண் பரப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10 கிலோஹெர்ட்ஸில் அரை டெசிபல் சரிந்தால் 5ஆம் படிக்குத் திரும்பி எந்த எண் தவறு என்று பாருங்கள்.

அடுத்து 1 கிலோஹெர்ட்ஸ் டோனில் ஹார்மோனிக்ஸ், பிறகு சிக்னல் இல்லாமல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மும் அதன் மடங்குகளும். ஆக்டிவில் மட்டும் ஹம் ஏறினால் மின் இணைப்பின் எர்த் வழியாக லூப் உருவாகியிருக்கலாம். பாஸிவில் மட்டும் ஏறி, உலோகப் பெட்டியில் கை வைத்ததும் மாறினால் பெட்டி சிக்னல் கிரவுண்டோடு இணைக்கப்படவில்லை.

9. ஒலி அளவை 0.1 டெசிபலுக்குள் சமன்செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டியவர்களின் தீர்ப்பு எதையும் நம்ப வேண்டியதில்லை. அரை டெசிபல் கூடினால் “சத்தம் கூடிவிட்டது” என்று காது சொல்லாது. “உயிரோட்டம் கூடிவிட்டது”, “பாஸ் நிறைந்துவிட்டது” என்று சொல்லும். கெயின் உள்ள ஆக்டிவ் இந்தப் போட்டியில் வெல்வது பெரும்பாலும் இதனால்தான்.

100 ஹெர்ட்ஸ் டோனை ஒலிக்கவிட்டு ஸ்பீக்கர் முனையில் அளந்து பாருங்கள். அளவுகளின் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டது: 2.000 வோல்ட்டுக்கு எதிரே 1.980 முதல் 2.020 வரை. இடது, வலது இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஒரு சேனல் பொருந்தி மறுசேனல் விலகியிருப்பது சாதாரணம். சமன்செய்தது பாட்டுக்கு நடுவே மாறியிருக்கலாம் என்பதால் சோதனை முடிந்த பிறகும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

மாற்ற முடியாததை முதலில் நிறுத்துங்கள். ஒப்பீட்டுக் கம்பி அசையாது; மற்றதை அதற்கு ஏற்றபடி திருப்புங்கள். படிப்படியாக மாறும் கன்ட்ரோலில் ஒரு படி 2 டெசிபல் என்றால் பொருந்தாது. அப்போது கம்பியின் 1 கிலோஓம் மின்தடையை மாற்றி அந்தப் படிக்குக் கம்பியைக் கொண்டுவருவதுதான் சுத்தமான வழி.

10. மாற்றும் சுவிட்சைக் கட்டுங்கள்

நான்கு போல் சுவிட்சில் இரண்டு போல் உள்ளீட்டை மாற்றும், இரண்டு போல் வெளியீட்டை மாற்றும். வெளியீட்டை மட்டும் மாற்றினால் சோர்ஸ் எப்போதும் இரண்டு பெட்டியையும் சேர்ந்தே சுமக்கும். சுவிட்சின் வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் போட்டால் மாற்றும்போது வரும் ‘டப்’ குறையும்.

சுவிட்ச் பெட்டியை ஆம்பின் பக்கத்திலேயே வையுங்கள். தூரத்தில் வைத்தால் பாஸிவுக்குப் பின்னால் கூடுதல் கேபிள் வந்து சேரும், ஆக்டிவுக்கு அது பொருட்டே அல்ல. பாஸிவுக்கு மட்டும் அநியாயம். பாஸிவிலிருந்து ஆம்ப் வரை மொத்த கேபிள் நீளம் உங்கள் தினசரி பயன்பாட்டில் உள்ள நீளமாகவே இருக்க வேண்டும். குறைத்தாலும் அநியாயம்தான், எதிர்த்திசையில்.

சுவிட்ச் கட்ட விருப்பமில்லையென்றால் பதிவு வழி உண்டு. ஒவ்வொரு அமைப்பையும் ஆம்ப் உள்ளீட்டில் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, மென்பொருளில் அளவைச் சமன்செய்து, ஃபூபார்2000-இல் ஏபிஎக்ஸ் செய்யலாம். ஒலிப்பதும் பதிவதும் ஒரே இன்டர்ஃபேஸில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிகாரம் விலகும். இரண்டு பதிவுகளில் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டி மிச்சத்தைக் கேட்கும் நல் டெஸ்ட்டும் செய்யலாம். அதில் ஒரு பொறி: அளவு 0.01 டெசிபல் விலகினாலே மிச்சம் 59 டெசிபல் கீழேதான் நிற்கும். அந்த மிச்சத்தைக் கேட்டுவிட்டு “பாட்டின் பாதி தொலைந்துவிட்டது” என்று அலறாதீர்கள்.

11. மறைத்துக் கேளுங்கள்

முதலில் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவெண்களும் கலந்த சீரான இரைச்சல்). பாட்டில் தப்பிக்கும் நிறமாற்றம் இதில் தப்பாது. அடுத்து பியானோ, சிம்பல், தனிக்குரல் என்று 10 முதல் 15 விநாடித் துண்டுகள். காதின் நுண்ணிய நினைவு சில விநாடிகளே நிற்கும். முழுப் பாட்டைக் கேட்டுவிட்டு மறுபெட்டிக்கு மாறுவது வீண்.

உதவியாள் நாணயம் சுண்டி எது என்று தேர்ந்தெடுத்து, உங்கள் பார்வைக்குப் படாமல் மாற்றட்டும். அவர் முகமும் உங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அதிலேயே விடை இருக்கும். 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் குருட்டு யூகத்தால் அது நேர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 10 முறைதான் முடியுமென்றால் 9 வேண்டும். எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். “சரியாகப் போகிறது, இதோடு நிறுத்துவோம்” என்று நடுவில் நிறுத்தினால் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

பாஸிவை இரண்டு குமிழ் நிலைகளிலும், ஆக்டிவை ஒரு நிலையிலும் கம்பியோடு ஒப்பிடுங்கள். 6 டெசிபல் நிலைக்குத் தனிக் கம்பி வேண்டும். 1 கிலோஓமும் 1 கிலோஓமும் போதும், சோர்ஸின் ஒலி அளவை மட்டும் இருபக்கமும் ஒரே அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

12. கிடைத்ததைப் படிப்பது எப்படி

பாஸிவைக் கம்பியிலிருந்து பிரிக்க முடியவில்லை, கெயினும் போதுகிறது: பாஸிவ் உங்கள் செட்டில் டிரான்ஸ்பரன்ட். வேறு கேபிளோ வேறு ஆம்போ வரும் நாள்வரை இந்தத் தீர்ப்பு செல்லும்.

பாஸிவில் மேல்சுருதி மங்குகிறது: கேபிளை அரை மீட்டருக்குச் சுருக்குங்கள், அல்லது 50, 100 கிலோஓம் கன்ட்ரோலை 10 கிலோஓமுக்கு மாற்றுங்கள். இரண்டும் முடியாத இடத்தில் கெயின் இல்லாத ஒரு பஃபர் (பெருக்காமல் வெளியீட்டு இம்பிடென்ஸை மட்டும் தாழ்த்தும் சுற்று) போதும். நெல்சன் பாஸின் பி1 இந்த வகையில் பரவலாகத் தெரிந்த வடிவமைப்பு: கெயின் கிடையாது, ஜேஃபெட் பஃபர் மட்டும்.

பாஸிவில் கீழ்சுருதி மெலிகிறது: சோர்ஸின் வெளியீட்டுக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். கன்ட்ரோலுக்குப் பின்னால் பஃபர் வைத்தால் இது தீராது, முன்னால் வைக்க வேண்டும்.

ஆக்டிவில் சீறலும், தாழ்ந்த ஒலியில் பக்கச் சாய்வும் இருக்கின்றன, மற்றபடி கம்பியிலிருந்து பிரிக்க முடியவில்லை: கெயின் மிகை. உள்ளே கெயின் மாற்றும் ஜம்பர் இருந்தால் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 6ஆம் படியில் செய்த பிளக்கை, 10 டெசிபலுக்கு மாற்றி, ஆக்டிவுக்கும் பவர் ஆம்புக்கும் இடையே நிரந்தரமாக விட்டுவிடலாம்: தொடராக 2.2 கிலோஓம், குறுக்கே 1 கிலோஓம். சீறலும் 10 டெசிபல் இறங்கும், குமிழும் நடுப்பகுதிக்கு வந்துவிடும்.